பறித்த பின்னும் மூச்சு விடும் கனிகள்: குற்றாலம் வட்டார விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மரத்திலிருந்து பறித்தவுடன் பழத்தின் வாழ்வு முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பறித்த பின்னரும் காயும் கனியும் உயிருடனேயே இருக்கின்றன. அவை மூச்சு விடுகின்றன, நீரை இழக்கின்றன, வெப்பத்தை வெளியிடுகின்றன, பின்னர் மூப்படைந்து அழுகுகின்றன. மரத்தில் இருந்த வரையில், செலவான நீரையும் உணவையும் மரம் ஈடு செய்து வந்தது. காம்பு அறுந்தவுடன் வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டும் தொடர்கிறது. கையிருப்பு தீரும் வரையில்தான் பழத்துக்கு ஆயுள். அந்தச் செலவின் வேகத்தைக் குறைப்பது விவசாயியின் கையில் இருக்கிறது. விளைந்த பொருள் நல்ல விலைக்குப் போவதும், மாலையில் அடிமாட்டு விலைக்குத் தள்ளப்படுவதும் பெரும்பாலும் பறித்த முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

2019-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான தென்காசி மாவட்டத்தில் இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். குற்றாலம் மலைச்சரிவில் மங்குஸ்தான், ரம்புத்தான், துரியன், பலா, கிராம்பு, ஜாதிக்காய் ஆகியவை விளைகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்திலேயே இங்கு நறுமணப் பயிர்த் தோட்டம் அமைக்கப்பட்டது. மலையை விட்டுச் சிறிது தூரம் இறங்கினால் புளியங்குடியில் எலுமிச்சை. பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் பகுதிகளில் தக்காளி, வெண்டை, கத்தரி, சின்ன வெங்காயம். இவற்றில் ஒரு பகுதி செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளம் செல்கிறது. இவை அனைத்தையும் ஒரே விதமாகப் பறித்து, ஒரே விதமாக மூட்டை கட்டினால் நட்டமே மிஞ்சும்.

நட்டம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப்பின் பொறியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வறிக்கை 2015-ல் வெளியாயிற்று. அதன்படி, நாட்டில் அறுவடையின்போதும் அதன் பிறகும் வீணாவது தக்காளியில் 12.44 சதவீதம், கொய்யாவில் 15.88 சதவீதம். எட்டுக் கூடை தக்காளியில் ஏறக்குறைய ஒரு கூடை யாருக்கும் பயன்படாமல் போகிறது. அந்தக் கூடைக்கும் உழவு, உரம், தண்ணீர், பறிகூலி எல்லாம் செலவழிக்கப்பட்டவையே.

மூச்சும் வெப்பமும்

பழம் தன்னுள் சேர்த்து வைத்துள்ள சர்க்கரை, அமிலம் போன்றவற்றைக் காற்றில் உள்ள பிராணவாயுவின் உதவியால் எரிக்கிறது. கரியமில வாயு, நீர், வெப்பம் ஆகிய மூன்றும் வெளியாகின்றன. மூச்சு வேகமாக இருந்தால் கையிருப்பு விரைவில் தீரும். இனிப்பும் எடையும் குறையும்.

மூச்சின் வேகத்தை நிர்ணயிப்பது வெப்பநிலை. வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் மூச்சின் வேகம் பொதுவாக இரண்டு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை கூடுகிறது. காலையில் 25 டிகிரியில் இருந்த வெண்டைக்காய், நண்பகலில் வெயிலில் கிடந்து 35 டிகிரிக்குச் சூடேறினால், அதன் ஒரு மணி நேரச் செலவு இரண்டு மணி நேரச் செலவுக்குச் சமமாகும். மூட்டை நடுவில் கையை நுழைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு வெயிலால் மட்டும் வந்ததன்று. காய்களின் மூச்சால் வந்ததும் சேர்ந்ததே. வெளியேற வழியில்லாத அந்தச் சூடு மூச்சை மேலும் முடுக்கிவிடுகிறது.

எல்லா விளைபொருளும் ஒரே வேகத்தில் மூச்சு விடுவதில்லை. வெண்டை, கீரை, முருங்கை இலை போன்றவை மிக வேகமாக மூச்சு விடும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் மெதுவாக விடும். வெங்காயம் மாதக்கணக்கில் இருப்பதற்கும் கீரை ஒரே நாளில் வாடுவதற்கும் இது ஒரு முக்கிய காரணம்.

அடுத்த செலவு நீர். காய்கறிகளில் பெரும்பாலானவற்றில் 80 முதல் 95 சதவீதம் வரை நீரே உள்ளது. எடையில் 5 சதவீதம் நீர் போனாலே பல காய்கள் வாடிச் சுருங்கிவிடும். 100 கிலோ கொண்டுபோனவருக்கு 5 கிலோ எடையும் குறைகிறது; மீதி 95 கிலோவுக்கு 'வாடல்' என்று விலையும் குறைகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று உடலுக்கு இதமானது. திறந்த வண்டியில் மூடாமல் செல்லும் காய்கறிக்கு அது பகையானது. ஓடும் வண்டியில் காற்று பட்டு, நீர் மிக விரைவாக வற்றிவிடுகிறது.

இருவகைக் கனிகள்

பறித்த பின் பழுக்குமா, பழுக்காதா என்பதை வைத்துக் கனிகளை இரு வகையாகப் பிரிக்கலாம்.

மா, வாழை, பலா, சப்போட்டா, பப்பாளி, தக்காளி, துரியன், மங்குஸ்தான் ஆகியவை முதல் வகை. இவை முதிர்ந்த காயாகப் பறிக்கப்பட்டாலும் பின்னர் பழுக்கும். பழுக்கும் சமயத்தில் இவற்றின் மூச்சு திடீரென்று உயர்ந்து, பிறகு தணியும். இந்த ஏற்றத்தை இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானிகள் கிட், வெஸ்ட் ஆகியோர் 1920-களில் ஆப்பிள் பழத்தில் கண்டறிந்தனர்.

எலுமிச்சை, ஆரஞ்சு, திராட்சை, மாதுளை, அன்னாசி, ரம்புத்தான் ஆகியவை இரண்டாம் வகை. பறித்த நேரத்தில் என்ன இனிப்போ அதுவே கடைசி வரையில். நிறம் மாறலாம், இனிப்பு கூடாது. அரைப் பக்குவத்தில் பறித்த ரம்புத்தான் எத்தனை நாள் வைத்தாலும் புளிப்பாகவே இருக்கும்.

முதல் வகைக் கனிகளைப் பழுக்கத் தூண்டுவது எத்திலீன் என்னும் வாயு. பழுக்கும் பழமே இதை உண்டாக்குகிறது என்பதை 1934-ல் கேன் என்னும் விஞ்ஞானி ஆப்பிளைக் கொண்டு நிரூபித்தார். நம் நாட்டார் வாழைத்தாரை மூடிப் புகை மூட்டம் போட்டதும், மாங்காயை வைக்கோலில் புதைத்ததும் இதன் பயனை அனுபவத்தால் அறிந்தே. புகையில் எத்திலீன் உண்டு. வைக்கோல் மூட்டத்தில் பழத்தின் எத்திலீன் வெளியேறாமல் தங்குகிறது. கனிந்த ஒரு பழம் கூடையில் இருந்தால் மற்றவையும் விரைவில் கனிவதற்குக் காரணமும் இதுவே. ஆகவே தொலைவுக்குச் செல்லும் கூடையில் கனிந்த பழத்தைச் சேர்க்கக் கூடாது. பச்சை எலுமிச்சை, வெள்ளரி, கீரை, கொத்தமல்லி ஆகியவற்றையும் கனிந்த மா, வாழை ஆகியவற்றுடன் ஒரே அறையில் வைக்கக் கூடாது. பச்சை நிறம் மாறி மஞ்சளாகிவிடும்.

மங்குஸ்தான்: நிறமே நாட்காட்டி

மங்குஸ்தான் மரம் காய்ப்புக்கு வர ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை ஆகும். அத்தனை ஆண்டு காத்திருந்து பெற்ற காயைத் தவறான நாளில் பறித்து இழப்பது பெரும் வேதனை. தோலின் நிறத்தைக் கவனித்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

தோல் வெளிர் மஞ்சளாக, புள்ளி ஏதும் இல்லாமல் இருக்கும்போது பறிக்கவே கூடாது. தோலில் மஞ்சள் பால் மிகுந்திருக்கும். சுளை தோலிலிருந்து பிரியாது. பழுத்தாலும் தரம் இராது. வெளிர் பச்சை கலந்த மஞ்சள் தோலில் ஆங்காங்கே இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றுவதே பறிக்கத்தக்க முதல் பக்குவம். இந்நிலையில் பறித்தவை சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தாறு நாட்களில் படிப்படியாகச் சிவந்து கருஞ்சிவப்பாகும். மரத்திலேயே பழுத்ததற்குச் சுவையில் குறைவு இராது.

எனவே விற்கும் இடத்தைப் பொறுத்துப் பறிக்கும் நாளை முடிவு செய்யலாம். சென்னை போன்ற தொலைவிடங்களுக்கு அனுப்ப, இளஞ்சிவப்புப் புள்ளிகள் பரவிய பக்குவம் ஏற்றது. மதுரை, திருநெல்வேலி, திருவனந்தபுரத்துக்கு, தோல் முழுவதும் சிவப்பேறியவை ஏற்றவை. அருவிக் கரையிலேயே விற்று அன்றே உண்ணப்படுபவை கருஞ்சிவப்பாக இருக்கலாம். ஒரே மரத்தில் மூன்று பக்குவமும் இருக்கும். ஆகையால் மொத்தமாக உலுக்கிப் பறிக்காமல் இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை தேர்ந்து பறித்தல் வேண்டும்.

ஒரு சாண் உயரமும் ஆபத்தே

மங்குஸ்தானின் தடித்த தோலைப் பார்த்து, அது எதையும் தாங்கும் என்று நினைப்பது தவறு. 10 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, அதாவது அரைச் சாண் உயரத்திலிருந்து கடினமான தரையில் விழுந்தாலே தோலின் உட்புறம் அடிபடுகிறது. வெளியில் அடையாளம் தெரியாது. அடிபட்ட இடத்தில் உயிரணுக்கள் உடைந்து, காற்றுடன் சேர்ந்து, 'லிக்னின்' என்னும் மரத்தன்மையுள்ள பொருள் உண்டாகிறது. ஒரே நாளில் அந்த இடம் மரக்கட்டைபோல் இறுகிவிடும். வாங்கியவர் இரு கைகளாலும் அழுத்தினாலும் பழம் திறக்காது. கத்தி கொண்டு வெட்டினால் உள்ளே சுளை பழுப்பாக இருக்கும். அவர் மறுமுறை வாங்க மாட்டார்.

இதற்கு மருந்து கிடையாது, தடுப்பதே வழி. தொரட்டியின் நுனியில் வலைப் பை கட்டி, பழம் பையில் விழுமாறு பறிக்க வேண்டும். பச்சை நிறப் புல்லி இதழும் காம்பும் பழத்தோடு இருத்தல் நலம். மரத்தில் ஏறியவர் கீழே எறிவதையும், கூடையைத் தலைகீழாகக் கொட்டுவதையும் விட்டுவிட வேண்டும். தரையில் விழுந்தவற்றைத் தனியே எடுத்து அன்றே விற்றுவிட வேண்டும்; நல்லவற்றுடன் கலக்கக் கூடாது. ஓலைக் கடகத்தின் அடியில் உலர்ந்த வைக்கோல் அல்லது காகிதம் பரப்பி இரண்டு, மூன்று அடுக்குக்கு மேல் வைக்காமல் அடுக்கலாம்.

சாரலும் சுளையும்

குற்றாலத்துக்குப் பெருமை தரும் சாரலே மங்குஸ்தானுக்குச் சில சமயம் தொல்லை தருகிறது. அறுவடை நெருங்கும் சமயம் கனமழை பெய்து மரம் அதிக நீரை உறிஞ்சினால், சில பழங்களில் வெண்மையான சுளை கண்ணாடிபோல் தெளிந்து கெட்டியாகிவிடும். சிலவற்றில் மஞ்சள் பால் கசிந்து சுளையில் படிந்து கசக்கும். காய்ந்து கிடந்த நிலத்தில் திடீரென்று மழை பெய்யும்போது இது மிகும். கோடையில் சீராக நீர் பாய்ச்சி, மரத்தடியில் மூடாக்கு இட்டு, மழைநீர் தேங்காமல் வடிகால் அமைத்தால் ஓரளவு தவிர்க்கலாம்.

சந்தேகம் இருந்தால் நீர்த்தொட்டியில் போட்டுப் பார்க்கலாம். நல்ல பழம் பொதுவாக மிதக்கும்; சுளை கண்ணாடியான பழம் பொதுவாக மூழ்கும். தாய்லாந்தில் பழத்தைத் தரம் பிரிக்க இம்முறை வழக்கத்தில் உள்ளது. சோதித்த பழங்களை ஈரம் போக நிழலில் உலர்த்திய பிறகே கூடையில் வைக்க வேண்டும்.

குளிரும் அளவோடு வேண்டும். மங்குஸ்தானை ஏறத்தாழ 13 டிகிரி சென்டிகிரேடில் இரண்டு, மூன்று வாரம் வைக்கலாம். 10 டிகிரிக்கும் கீழே நாட்கணக்கில் வைத்தால் தோல் கறுத்து இறுகிவிடும். வீட்டுக் குளிர்பெட்டி இதற்கு ஏற்றதன்று.

ரம்புத்தான்: முள் வழியே போகும் நீர்

ரம்புத்தானின் அழகே அதன் சிவந்த மென்முட்கள். அவையே அதன் பலவீனமும் ஆகும். முட்களால் தோலின் பரப்பு பல மடங்கு கூடுகிறது; முட்களில் உள்ள நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. காற்றில் திறந்து வைத்த பழம் இரண்டு, மூன்று நாட்களில் பழுப்பேறிவிடும். உள்ளே சுளை நன்றாகவே இருக்கும்; ஆனால் வாங்குபவர் தோலைப் பார்த்தே விலை பேசுகிறார்.

ஆகவே முழு நிறமும் இனிப்பும் ஏறிய பிறகு, கொத்தாகக் காம்புடன் வெட்டி எடுத்து, உடனே நிழலுக்குக் கொண்டுவர வேண்டும். சிறு துளைகள் இட்ட பாலிதீன் பையில் வைத்தால் ஈரம் காக்கப்பட்டு நிறம் நிலைக்கும். துளையில்லாத பையில் கட்டினால் மூச்சு முட்டிக் கெட்ட வாடை வரும். ஒரு சோதனையாக, ஒரே நாளில் பறித்த இரு கொத்துகளில் ஒன்றைத் திறந்தும் மற்றொன்றைத் துளையிட்ட பையிலும் வைத்து மூன்றாம் நாள் பார்க்கலாம். வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

எலுமிச்சை: ஈரத்தில் பறிக்கக் கூடாது

எலுமிச்சை பறித்த பின் பழுக்காத வகை. பச்சை மாறி மஞ்சளாவது நிற மாற்றமே. தோலில் உள்ள சிறு எண்ணெய்ப் பைகள்தான் இதில் கவனிக்கத்தக்கவை. விடியற்காலைப் பனியிலோ, மழை விட்டவுடனோ தோல் நீரேறி விறைப்பாக இருக்கும். அப்போது அழுத்திப் பறித்தால் எண்ணெய்ப் பைகள் உடைந்து, அந்த எண்ணெயே தோலைச் சுட்டு, பழுப்புத் தழும்பை உண்டாக்கும். பனி ஈரம் உலர்ந்த பின் பறிப்பதே முறை.

காம்பை இழுத்துப் பிய்த்தால் மேல்முனையில் காயம் ஏற்படும். அதன் வழியே பச்சைப் பூசணம் நுழைந்து, ஒரு பழத்திலிருந்து மூட்டை முழுவதும் பரவும். சிறு காம்புடன் கத்தரித்து எடுத்தல் நலம். உதிர்ந்து தரையில் கிடப்பவற்றைப் பொறுக்கித் தனி மூட்டையாக்க வேண்டும். எலுமிச்சை சாகுபடி குறித்த ஐயங்களுக்கு வன்னிக்கோனேந்தலில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக எலுமிச்சை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

காய்கறிகள்

தொலைவுச் சந்தைக்குத் தக்காளியை நுனியில் சிவப்பு தட்டும் நிலையில் பறிக்கலாம். உள்ளூர்ச் சந்தைக்கு நன்கு சிவந்த பின் பறிக்கலாம். 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் தக்காளிக்குச் சிவப்பு நிறம் சரியாக ஏறாது, மஞ்சளாகவே நின்றுவிடும். பறித்த தக்காளியை வரப்பில் வெயிலில் குவிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெண்டையைச் சாக்கில் திணித்தால் உராய்ந்த இடங்கள் கறுத்துவிடும். சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் டிரே பயன்படுத்தினால் அடியில் உள்ளது நசுங்காது; காற்றும் புகும். வெங்காயத்துக்கு மட்டும் ஈரம் ஆகாது. கழுத்துப் பகுதி நன்கு சுருங்கும் வரையில் நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் பரப்ப வேண்டும்.

மின்சாரம் வேண்டாத குளிர் அறை

புதுடெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1980-களில் செங்கல்லும் மணலும் கொண்டு ஒரு குளிர் அறையை வடிவமைத்தனர். நிழலான இடத்தில் 165 சென்டிமீட்டர் நீளம், 115 சென்டிமீட்டர் அகலத்துக்குச் செங்கல் தளம் அமைத்து, அதைச் சுற்றி 67.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு இரட்டைச் சுவர் எழுப்ப வேண்டும். இரு சுவர்களுக்கும் நடுவே 7.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஆற்று மணல் நிரப்பி, காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். மூங்கில் சட்டத்தில் வைக்கோல் அல்லது சாக்கு கட்டி மூடியாக்கலாம். ஏறத்தாழ 100 கிலோ விளைபொருள் வைக்கலாம். மணலின் நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி உண்டாகிறது, ஈரப்பதமும் நிலைக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்வாறே.

காற்று வறண்டிருந்தால்தான் இது நன்கு வேலை செய்யும். சாரல் காலத்தில் குற்றாலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பயன் குறைவு. அப்போது நிழலும் காற்றோட்டமுமே போதும். பங்குனி, சித்திரை வெயிலில் ஆலங்குளம், சுரண்டைப் பகுதி விவசாயிகளுக்கு இது மிகவும் உதவும். வெங்காயத்தை மட்டும் இதில் வைக்கக் கூடாது.

கார்பைடு கல் வேண்டாம்

விரைவில் பழுக்க வைக்கக் கார்பைடு கல் பயன்படுத்துவது இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை செய்யப்பட்டுள்ளது. அதிலிருந்து வரும் வாயுவில் ஆர்செனிக் போன்ற நஞ்சுகள் கலந்திருக்கலாம். முற்றாத காயும் நிறம் மாறுமே தவிர இனிக்காது. எத்திலீன் வாயுவை 10 லட்சத்தில் 100 பங்குக்கு மேற்படாமல், முறையான பழுக்கவைக்கும் அறையில் பயன்படுத்த அனுமதி உண்டு. சிறு அளவில் பழுக்க வைப்போருக்கு வைக்கோலே போதும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

வெயில் ஏறுமுன் பறித்தல், எலுமிச்சையை மட்டும் ஈரம் உலர்ந்த பின் பறித்தல், பறித்ததை உடனே நிழலில் வைத்தல், கீழே போடாதிருத்தல், அடிபட்டதையும் கனிந்ததையும் பிரித்தல், வண்டியில் ஏற்றியபின் ஈரச்சாக்கு அல்லது தார்ப்பாயால், காற்றுப் புக வழி விட்டு, மூடுதல். இவற்றில் பெரும் முதலீடு எதற்கும் தேவையில்லை. தொரட்டியில் ஒரு வலைப் பை, கூடைக்குள் ஒரு கைப்பிடி வைக்கோல், மரத்தடியில் ஒரு நிழல் இருந்தால் போதும்.

விளைச்சலைப் பெருக்க ஓர் ஆண்டு பாடுபட வேண்டும். விளைந்ததைக் காக்க ஒரு காலைப் பொழுதின் கவனம் போதும். இந்தச் சாரல் பருவத்தில் ஒரு மரத்துக் கனியை மட்டுமாவது இம்முறையில் பறித்து, தனிக்கூடையாக விற்று, கிடைத்த விலையை மற்றக் கூடைகளின் விலையுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.